ஒன்பது நாற்பத்து மூன்று

மாத்தளை நகரில், பஸ் நிலையத்திலிருந்து கோவில் பக்கம் போகும் ஒரு குறுக்குத் தெருவில் ரஜிதாவின் தையல் கடை இருக்கிறது. சாரி ஜாக்கெட் தைப்பதில் அவளுக்கு நல்ல பெயர். சொன்ன நாளில் கொடுப்பதில் அவ்வளவு பெயர் இல்லை. "நாளைக்கு வாங்கக்கா" என்று அவள் சொன்னால் அது நாளை மறுநாள் என்று வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியும். அவர்களும் அதற்கு அடுத்த நாள்தான் வருவார்கள். இதனால் யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை. அவளது தம்பி விஜேந்திரனுக்குப் பெண் பார்க்கப் போன நாள் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

பெண் பார்ப்பது என்பதெல்லாம் பெயருக்குத்தான். விஜேந்திரனும் டிலானியும் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள். வாசனைத் திரவியங்களைப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை அது. அவன் மெஷின் பார்க்கிறவன், அவள் அலுவலகத்தில் இருக்கிறவள். மூன்று வருடப் பழக்கம். டிலானி சிங்களப் பெண், வீடு பலாபத்வலையில். அவளது அப்பா சுமனரத்ன ஓய்வு பெற்ற நில அளவையாளர். "அப்பா சரின்னு சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னாரு" என்று விஜேந்திரன் வந்து சொன்னபோது வீடே சிரித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஒரு பெண் கடைக் கதவைத் தட்டினாள். அன்று மாலை அவள் வீட்டில் விசேஷம். ஜாக்கெட்டின் கை இறுக்கமாக இருக்கிறது என்றாள். அழுகிற மாதிரி நிற்கிறவளைத் திருப்பி அனுப்ப முடியுமா. ரஜிதா உட்கார்ந்து பிரித்துத் தைத்தாள். அது முடியப் பத்தரை ஆயிற்று. அம்மா சுந்தரம்மா தன் அண்ணன் மாரிமுத்து வராமல் புறப்படமாட்டேன் என்று இருந்தாள். அவர் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கியபோது பதினொன்று. வந்த மனுஷனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்காமல் எப்படி எழுப்புவது. பிறகு கேக்கும் வாழைப்பழமும் வாங்கினார்கள்.

"சொன்ன நேரத்துக்கு டாண்ணு போய் நின்னா சாப்பாட்டுக்கு அலையிற மாதிரி இருக்கும்" என்று சுந்தரம்மா வேறு சொன்னாள்.

அவர்கள் பலாபத்வலையில் போய் இறங்கியபோது மணி பன்னிரண்டு இருபது. சுமனரத்ன வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக கேட்டடியில் நின்றார். வவுனியாவில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர். அந்தப் பக்கத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"வாங்கோ, வாங்கோ. வழியிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லையே, நல்லபடியா வந்தோம்" என்றாள் சுந்தரம்மா, மனதில் ஒன்றும் இல்லாமல்.

சுமனரத்ன அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மேசையில் கொக்கிஸ் என்கிற அச்சு முறுக்கும் பலகாரமும் வலைக்கூடையால் மூடி வைத்திருந்தது. நல்ல சாப்பாடு. எல்லோரும் சிரித்துப் பேசி, நாலு மணிக்குத் திரும்பி வந்தார்கள். எல்லாம் நன்றாகப் போயிற்று என்றுதான் ரஜிதா நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து டிலானி ஜாக்கெட் அளவு கொடுக்கக் கடைக்கு வந்தாள். அளவு எடுத்து முடிந்த பிறகும் போகாமல் நின்றாள். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு விஜேக்குத் தெரிய வேணாம். அப்பாவுக்கு சீனி வருத்தம். காலை மாத்திரை போட்டா பதினொரு மணிக்குள்ள ஏதாவது சாப்பிடணும். அன்னைக்கு நீங்க வராம சாப்பிட மாட்டேன்னு இருந்துட்டாரு. வந்த பிறகும் பரிமாறிட்டே நின்னு சரியாச் சாப்பிடல. நீங்க போன பிறகு தலை சுத்தி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சேலைன் ஏத்திக் கூட்டிட்டு வந்தோம்."

ரஜிதா கையிலிருந்த அளவு நாடாவை மேசையில் வைத்தாள்.

"அவரு கோவிச்சுக்கிட்டாரா?"

"கோவம் இல்ல. அம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொன்னாராம். அவங்க நம்மளைப் பெருசா நினைக்கல போலன்னு."

அன்று முழுவதும் ரஜிதா ஒரு தையலும் நேராகப் போடவில்லை. பெரிதாக நினைத்ததால்தானே மாரிமுத்து மாமா வரும்வரை காத்திருந்தோம். பெரிதாக நினைத்ததால்தானே நல்ல கேக் தேடி மூன்று கடை ஏறி இறங்கினோம். இதை அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மனுஷன் வெறும் வயிற்றோடு கேட்டடியில் நின்றது மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த ஜாக்கெட்டுக்காரியை மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லியிருக்கலாம். சொல்லாதது தன் பிழை என்று எண்ணினாள்.

கல்யாணம் ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பெண் வீட்டு முற்றத்திலேயே கொட்டகை போட்டு நடத்துவது என்று முடிவாயிற்று. சிங்களவர் வழக்கப்படி போருவை என்கிற அலங்கார மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஏற வேண்டும். அதே மேடையில் விஜேந்திரன் தாலியும் கட்டுவது என்று இரு வீட்டாரும் பேசி முடித்தார்கள். மேடையில் ஏற ஒரு சுபநேரம் உண்டு. நம்மவர்கள் முகூர்த்தத்தை ஒன்பதிலிருந்து பத்தரை வரை என்று தாராளமாகக் குறிப்பதுபோல அது இல்லை, நிமிடக் கணக்கு. கார்டில் அச்சாகி வந்தது: காலை 9.43.

"நாப்பத்தி மூணா? அதென்ன மூணு?" என்றாள் சுந்தரம்மா.

"அது அப்படித்தாம்மா. அந்த நிமிஷம் தவறக்கூடாது" என்றாள் ரஜிதா. "இந்தத் தடவை நான் பாத்துக்கிறேன். எல்லாரும் நான் சொல்றபடிதான்."

சுமனரத்ன விஜேந்திரனை அழைத்து எட்டரைக்கு வந்துவிடச் சொல்லியிருந்தார். தன் வீட்டாரைத் தெரிந்த விஜேந்திரன், அக்காவிடம் ஏழரை என்று சொன்னான். தன் அம்மாவைத் தெரிந்த ரஜிதா, அம்மாவிடம் ஆறரை என்று சொன்னாள். போட்டோ எடுக்க வேண்டுமாம், சடங்குகள் நிறைய இருக்கிறதாம் என்று காரணமும் சேர்த்துக்கொண்டாள். சுந்தரம்மா தன் பங்குக்குத் தோட்டத்துச் சொந்தங்களிடம் ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்றாள். ஒருவர் செய்தது ஒருவருக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று நாலரைக்கு அலாரம் அடித்தது. ரஜிதா எல்லோரையும் உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தாள். முன் அறைக்கு வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முந்தின நாளே வந்து தங்கியிருந்த தோட்டத்துச் சனம் முழுவதும் குளித்து, தலைவாரி, பட்டுக் கட்டி, பூ வைத்து, சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தது. மாரிமுத்து மாமா கோட்டுப் போட்டிருந்தார்.

"என்ன மாமா, இவ்வளவு சீக்கிரமா?"

"பெரட்டுக்குப் போனவங்க நாங்க, புள்ள" என்றார் அவர். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். "முப்பத்தி ஏழு வருஷம் ஒரு நாள் நான் பிந்துனதில்ல. பிந்துனா அரைப்பேரு தான், அரை நாள் சம்பளம். உங்கம்மா ஒரு நேரம் சொன்னா, எங்களுக்கு அது தான் நேரம்."

"அப்ப அன்னைக்கு ஏன் பதினொரு மணிக்கு வந்தீங்க?"

"அது சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தது" என்றார் மாமா, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

வாடகைக்குப் பேசிய ஜைனுதீன் நானா தன் ரோசா மினி பஸ்ஸை ஐந்தரைக்குக் கொண்டுவருவதாகச் சுந்தரம்மாவிடம் சொல்லியிருந்தார். விடிகாலைச் சுபஹு தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து நேராக வந்து ஐந்து இருபத்தைந்துக்கே ஹோன் அடித்தார். இருபத்துநான்கு பேரும் நான்கு நிமிடத்தில் ஏறிவிட்டார்கள். யாரும் எதையும் மறக்கவில்லை. யாரும் கடைசி நேரத்தில் கழிப்பறைக்கு ஓடவில்லை. ரஜிதாவுக்கு இது நல்லதற்கா கெட்டதற்கா என்று விளங்கவில்லை. வழியெல்லாம் ஒரு வாகனம் இல்லை.

பலாபத்வலையில் பெருந்தெருவிலிருந்து உள்ளே திரும்பி அந்த வீட்டு முன்னால் பஸ் நின்றபோது மணி ஐந்து ஐம்பது. கொட்டகையின் கூரைத் துணியில் பனி நீர் கோர்த்திருந்தது. நாற்காலிகள் அடுக்கியபடியே இருந்தன. நாய் ஒன்று தொண்டை கிழியக் குரைத்தது. கிணற்றடியில் ஒரு மனிதர் சாரம் மட்டும் கட்டிக்கொண்டு வாயில் பிரஷ்ஷோடு நின்றார். சுமனரத்ன.

அவர் பிரஷ்ஷை எடுத்துவிட்டு கேட்டை நோக்கி நடந்து வந்தார். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கிய ரஜிதாவைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன நடந்தது? மாப்பிள்ளை எங்கை?"

"பஸ்ஸுக்குள்ள இருக்கான் அங்கிள்."

"சுகமா இருக்கிறாரோ?"

"நல்லா இருக்கான்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கலியாணம் வேண்டாமெண்டு சொல்ல வந்தனீங்களோ, மகள்? அப்பிடி இருந்தால் என்னட்டை முதல்ல சொல்லுங்கோ. அவளுக்கு நான் சொல்லுறன்."

ரஜிதாவுக்கு அப்போதுதான் அவர் என்ன நினைத்து நடுங்குகிறார் என்று புரிந்தது. "ஐயோ, இல்ல அங்கிள். ஒண்ணுமே நடக்கல. நாங்க நேரத்தோடயே வந்துட்டோம்."

சுமனரத்ன தன் மணிக்கட்டைப் பார்த்தார். அதில் கடிகாரம் இல்லை. திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே சுவரில் மணி பார்த்தார்.

"நான் எட்டரைக்கெல்லோ சொன்னனான்."

"ஏழரைன்னு தானே தம்பி சொன்னான்."

விஜேந்திரன் பஸ் ஜன்னலில் தலையை நீட்டினான். "அக்கா, அது நான் ஒரு மணி நேரம் முன்ன தள்ளிச் சொன்னேன். நீங்க ஏன் ஆறு மணிக்கே கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் அம்மாகிட்ட ஆறரைன்னு சொன்னேன்."

எல்லோரும் சுந்தரம்மாவைப் பார்த்தார்கள். அவள் சீர்த் தட்டத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆறரைன்னா இவங்க ஏழுக்கு வருவாங்கன்னு ஆறுன்னு சொன்னேன்" என்றாள். "இவங்க இப்படி வருவாங்கன்னு நான் கண்டேனா?"

சுமனரத்னவின் வாயோரத்தில் பற்பசை நுரை அப்படியே இருந்தது. அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. முதலில் ரஜிதா பயந்தாள். பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சத்தமே இல்லாமல், கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"உள்ளுக்கு வாங்கோ" என்றார் கடைசியில். "எல்லாரும் வாங்கோ."

உள்ளே நடந்ததுதான் அமளி. டிலானியின் அம்மா கருணாவதி நைட்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள். கல்யாணப் பெண்ணின் தலைமுடி முழுக்கச் சுருள் மாட்டியிருந்தது. பெண்ணை மாப்பிள்ளை பார்த்துவிடக் கூடாதென்று அவள் சித்தி ஒரு படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் காவல் நின்றாள். விஜேந்திரனை இறங்கவே விடவில்லை. அவன் பட்டு வேட்டியோடு பஸ்ஸுக்குள் இருந்தான். ஜைனுதீன் நானா தன் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து அவனுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து, "நீ கவலப்படாத. என் கல்யாணத்துல மௌலவி ரெண்டு மணி நேரம் பிந்தி வந்தாரு. பதினெட்டு வருஷமா நல்லாத்தான் இருக்கோம்" என்று ஆறுதல் சொன்னார்.

இருபத்துநான்கு பேருக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். கருணாவதி உடை மாற்றிக்கொண்டு வந்து அடுப்பைப் பார்த்தாள், கோப்பைகளை எண்ணினாள், ஒரு கணம் தலையில் கை வைத்தாள். சுந்தரம்மா தன் சந்தைச் சிங்களத்தில், "நோனா, நீங்க மகளப் பாருங்க. இத எங்ககிட்ட விடுங்க" என்று சொல்லிக்கொண்டே முந்தானையை இடுப்பில் சொருகினாள். தோட்டத்துப் பெண்கள் நாலு பேர் தேங்காய் திருவ உட்கார்ந்தார்கள். பாற்சோறு கிளறுவதில் யாருடைய கை பதமானது என்று இரண்டு மொழியிலும் வாக்குவாதம் நடந்தது. ஏழு மணிக்குள் அது யார் வீடு என்று வெளியிலிருந்து வருகிறவனுக்குச் சொல்ல முடியாதபடி ஆயிற்று.

ரஜிதா கொட்டகைக்குத் தேத்தண்ணி எடுத்துப் போனபோது, சுமனரத்னவும் மாரிமுத்து மாமாவும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுமனரத்ன இன்னும் அதே சாரத்தோடு, மேலே ஒரு துவாய் மட்டும் போட்டிருந்தார். அவர் கையில் பிஸ்கட் இருப்பதைப் பார்த்துவிட்டு ரஜிதா அங்கேயே நின்றாள்.

"அங்கிள், அன்னைக்கு நாங்க பிந்தி வந்ததுல உங்களுக்கு முடியாமப் போச்சுன்னு கேள்விப்பட்டேன். பிழை எங்க மேல. என் மேல தான்."

அவர் கையை அசைத்தார். "அதை விடுங்கோ. நான் சாப்பிட்டிருக்க வேணும். என்ரை பிடிவாதம்."

"இல்ல மாத்தியா" என்றார் மாமா. சிங்களப் பெரியவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார். "புள்ள சொல்லட்டும். நானும் சொல்லணும். நாங்க வேணும்னு செஞ்சதில்ல. வாழ்க்க முழுக்க மணியடிச்சா ஓடுன சனம் நாங்க. பெரட்டுக்கு மணி, மத்தியானத்துக்கு மணி, கொழுந்து நிறுக்க மணி. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறப்ப தான் மணி பாக்காம போவோம். அந்த ஒரு எடத்துல தான் யாரும் அரைப்பேரு போட மாட்டாங்க. அதான் எங்களுக்கு மரியாத. உங்க வீட்ட சொந்தக்காரங்க வீடுன்னு நெனச்சு வந்தோம்."

சுமனரத்ன தேத்தண்ணிக் கோப்பையைத் தொடையில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அப்பிடி ஆரும் சொல்லேல்லை அண்ணை" என்றார். "என்ரை வேலை வேறை மாதிரி. காணி அளக்கப் போவன். அண்ணன் தம்பி ரெண்டு பேர், வேலிக்கு அங்காலை ஒருத்தன், இங்காலை ஒருத்தன், ரெண்டு பேற்றை கையிலையும் கத்தி. ஒம்பது மணிக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு நான் பதினொண்டுக்குப் போனால் அந்த ரெண்டு மணித்தியாலத்திலை என்ன நடக்கும்? ஒருக்கால் பஸ் கிடைக்காமல் நாப்பது நிமிசம் பிந்திப் போனன். ஒருத்தனுக்கு ரெண்டு விரல் இல்லை. அதுக்குப் பிறகு நான் பிந்தினதில்லை."

மாமா நாக்கால் ஒரு சத்தம் கொட்டினார். பிறகு இருவரும் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்கள். ரஜிதாவுக்கு நான்கு மாதமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது போலிருந்தது. அவள் வெறும் கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது மாமா கேட்பது காதில் விழுந்தது. "மாத்தியா, அந்த மொளகுக் கொடி எல ஏன் மஞ்சளாப் போயிருக்கு?"

எட்டரைக்குப் பிறகு நேரம் வேகமாகப் போயிற்று. மேளக்காரர்கள் வந்தார்கள். மேடையில் மந்திரம் சொல்லும் பெரியவர் வெள்ளை உடுப்போடு வந்தார். ஊரார் வந்து நாற்காலிகளை நிறைத்தார்கள். விஜேந்திரனை பஸ்ஸிலிருந்து இறக்கிப் பன்னீர் தெளித்து அழைத்து வந்தார்கள். டிலானி கண்டியச் சாரியில், நெற்றியில் நகை மின்ன, தயாராகி உட்கார்ந்திருந்தாள். ரஜிதா தைத்த ஜாக்கெட் ஒரு சுருக்கம் இல்லாமல் அவளுக்குப் பொருந்தியிருந்தது.

ஒன்பது இருபத்தைந்துக்குக் கருணாவதி கேட்டாள்: "இவரு எங்க?"

குளியலறையில் இல்லை. கட்டிலில் அவரது புதுச் சாரமும் சட்டையும் இஸ்திரி போட்டபடியே கிடந்தன. சட்டையின் மேலே கைக்கடிகாரம். அதன் பக்கத்தில் போன். மகளைக் கைபிடித்து மேடையில் ஏற்ற வேண்டியவர் அவர்தான். கொட்டகையில் இல்லை, கிணற்றடியில் இல்லை. மாரிமுத்து மாமாவையும் காணவில்லை.

"மேல" என்றாள் ரஜிதா திடீரென்று. "மொளகுத் தோட்டம்."

வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் நிலம் மேடாக ஏறிப் போகிறது. ரஜிதா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி ஏறினாள். ஈர மண் வழுக்கியது. முள்முருங்கை மரங்களில் மிளகுக் கொடிகள் ஏறியிருந்தன. ஏலக்காய்ப் புதர்களைத் தாண்டி, உச்சியில் ஒரு பாறை. அதன் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் கோட்டு ஒரு கிளையில் தொங்கியது. அவர் கையில் ஒரு மிளகுக் கொடியின் வேர். சுமனரத்ன தடியால் மண்ணில் கோடு கிழித்து, தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"அங்கிள்" என்றாள் ரஜிதா மூச்சு வாங்க. "மணி ஒன்பதரை தாண்டிருச்சு."

அவர் நிமிர்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மணிக்கட்டைப் பார்த்தார். எழுந்தார். தடி கீழே விழுந்தது.

மூன்று பேரும் இறங்கி ஓடிய ஓட்டத்தை மாமா இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். சுமனரத்ன முன்னால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு. நடுவில் இரண்டு தடவை சறுக்கினார். ஒரு தடவை மாமா துவாயைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். துவாய் கையோடு வந்துவிட்டது. கொட்டகையின் பின் பக்கமாக அவர் வந்து நின்றபோது மேளம் நின்றிருந்தது. இருநூறு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால் வரை சேறு, வெற்று மேல், தலையில் ஒரு காய்ந்த இலை.

மேடைக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டியிருந்தது. அவரே முந்தின நாள் மாட்டியது. ஒன்பது நாற்பத்தைந்து.

சுமனரத்ன கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "நான் பிந்திப்போட்டன்" என்றார் தமிழில், யாரிடம் என்று இல்லாமல். பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னார். "என்ரை பிள்ளையின்ரை நேரத்தை நானே தவற விட்டிட்டன்."

ரஜிதாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. முகூர்த்தம் என்றால் ஒன்றரை மணி நேரம் இருக்கும் என்று சொல்லலாமா. அது அவருக்கு ஆறுதலாக இருக்காது. மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அப்போது கருணாவதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் பதற்றம் இல்லை. ஒரு மாதிரியான வெட்கம்தான் இருந்தது.

"போய்க் குளிச்சிட்டு வாங்க" என்றாள் புருஷனிடம். "எட்டு நிமிஷம் இருக்கு."

"என்ன எட்டு நிமிஷம்?"

"சுபநேரம் ஒன்பது ஐம்பத்தி மூணு."

சுமனரத்னவுக்கு விளங்கவில்லை. மந்திரம் சொல்லும் பெரியவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்து நீட்டினார். சோதிடர் எழுதிய அசல் தாள். அதில் 9.53 என்று இருந்தது.

"கார்டுக்கு எழுதிக் கொடுக்கிறப்ப நான் தான் பத்து நிமிஷம் முன்னால போட்டேன்" என்றாள் கருணாவதி. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அன்னைக்கு அவ்வளவு பிந்தி வந்தாங்க. இன்னைக்கும் ஏதாவது பிந்தினா நீங்க வாயைத் திறந்து ஏதாவது சொல்லிருவீங்க. அதான் ஒரு பத்து நிமிஷம் கையில வச்சிருந்தேன். இந்தப் பெரியவர்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லி வச்சேன்." பிறகு ரஜிதாவின் பக்கம் திரும்பி, "மன்னிச்சிருங்க மகள். உங்களுக்காகத்தான் வச்சிருந்தேன். இந்த மனுஷனுக்குத் தேவைப்படும்னு நான் கனவுலயும் நினைக்கல" என்றாள்.

ரஜிதா இதைத் தமிழில் சொன்னபோது தோட்டத்துப் பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது முன்வரிசைக்குப் பரவி, ஊராரைத் தொட்டு, கொட்டகை முழுவதும் போயிற்று. டிலானியும் விஜேந்திரனும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்பதை மறந்து பார்த்துச் சிரித்தார்கள். சுமனரத்ன மட்டும் சிரிக்க நேரமில்லாமல் கிணற்றடிக்கு ஓடினார். மாமா பின்னாலேயே ஓடி, வாளி வாளியாக இறைத்து அவர் தலையில் ஊற்றினார். சட்டையை ஒருவர் மாட்டிவிட்டார், சாரத்தை ஒருவர் கட்டிவிட்டார். தலைமுடி சொட்டச் சொட்ட, வெள்ளை உடுப்போடு அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையடியில் நின்றபோது ஒன்பது ஐம்பத்து இரண்டு.

ஒரு நிமிடம். இருநூறு பேரும் மூச்சுவிடாமல் முள்ளைப் பார்த்தார்கள். நிமிடக் கணக்கை நம்பாத சுந்தரம்மாவும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். முள் ஐம்பத்து மூன்றில் விழுந்தது. மேளம் முழங்கியது. சங்கு ஊதினார்கள். டிலானி வலது காலை மேடையில் வைத்தாள். கைகளில் நூல் சுற்றி நீர் வார்த்த பிறகு, விஜேந்திரன் தாலியைக் கட்டினான். அவசரத்தில் மூன்றாவது முடிச்சு விழவில்லை. ரஜிதா பின்னாலிருந்து கைகொடுத்து முடிச்சைப் போட்டாள். முடிச்சுப் போடுவது அவள் தொழில்தானே என்று யாரோ சொன்னார்கள்.

பகல் சாப்பாடு இரண்டு பந்தியாக நடந்தது. ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதனால் மூன்று மணிக்கு அது முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு புறப்படுவது என்று ஏற்பாடு. சரியாக மூன்று ஐந்துக்கு ஜைனுதீன் நானா பஸ்ஸைத் திருப்பி நிறுத்தி, எஞ்சினைப் போட்டார். சாமான் ஏற்றியாயிற்று. பெண் பெற்றோரை வணங்கி அழுதாயிற்று. எல்லோரும் கேட்டடிக்கு வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பேச்சு தொடங்கியது. கருணாவதி சுந்தரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மகளுக்கு உறைப்புக் கூடினால் வயிறு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாற்சோறு கிளறிய பெண்கள் போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். டிலானியின் சித்தி ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை எங்கே வைப்பது என்று ஒரு பேச்சு நடந்தது. மாமா மிளகுக் கன்றுகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார். எந்தக் கன்றை எந்த மரத்தில் ஏற்ற வேண்டும் என்று சுமனரத்ன அவருக்கு இரண்டாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறியிருந்த நாலு பேரும் திரும்ப இறங்கிவிட்டார்கள்.

"நேரமாச்சு, ஏறுங்க" என்று ரஜிதா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது, சுமனரத்ன அவளைத் திரும்பிப் பார்த்தார். கைக்கடிகாரம் இப்போது அவர் கையில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருங்கோ, மகள்" என்றார். "இப்ப போய் என்ன செய்யப் போறியள்?"

மூன்றே முக்காலுக்கு ஜைனுதீன் நானா எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்து, கொட்டகையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீனி கொஞ்சம் தூக்கலாக ஒரு பிளேன்டீ கிடைக்குமா என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.